பன்னிரண்டு கிரெடிட்டும் ஒரு இடுக்கியும்

போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து அண்ணன் மகள் போன் பண்ணினாள். நுண்ணுயிரியலில் பி.எச்டி. சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. "சித்தப்பா, ஆராய்ச்சி பண்ண வந்தா மறுபடியும் கிளாஸ், பரீட்சைன்னு உட்கார வச்சிட்டாங்க. பன்னிரண்டு கிரெடிட் முடிக்கணுமாம். விட்டுட்டு வேலைக்குப் போயிடலாமான்னு இருக்கு" என்று ஒரே புலம்பல்.

நான் பி.காம். படித்த ஆள். கிரெடிட் என்றால் எனக்குத் தெரிந்தது வரவும் கடனும்தான் :-) ஆனாலும் பிள்ளை வருத்தப்படுகிறாளே என்று கொஞ்சம் தேடிப் படித்தேன்.

நம் நாட்டில் பல பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் பி.எச்டி. என்றால் ஒரு வழிகாட்டி, ஒரு ஆய்வகம், ஒரு ஆய்வேடு, அவ்வளவுதான். வகுப்பெல்லாம் எம்.ஃபில். படிப்பவர்களுக்கு. 2009இல் யு.ஜி.சி. ஒரு செமஸ்டராவது கோர்ஸ்வொர்க் கட்டாயம் என்றது. 2016 விதிகளில் அது 8 முதல் 16 கிரெடிட் ஆனது. 2022 விதிகளில் குறைந்தது 12. ஆராய்ச்சி முறையியலும் பதிப்பு அறநெறியும் அதில் அடக்கம். 55 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும். எம்.ஃபில். நிறுத்தப்பட்டதும் அதே விதிகளில்தான்.

இதெல்லாம் டெல்லியில் யாரோ புதிதாகக் கண்டுபிடித்த தொல்லை என்று நினைக்கிறாள் அவள். அவளுடைய துறையே வகுப்பில் வளர்ந்ததுதான். 1889இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் எமில் ரூ நுண்ணுயிரியல் செய்முறை வகுப்பைத் தொடங்கினார். பல நாட்டு மருத்துவர்களும் ஆராய்ச்சியாளர்களும் அங்கே போய் மாணவர்களாக உட்கார்ந்தார்கள். காரணம் எளிது. கிருமி கண்ணுக்குத் தெரியாது. கை தப்பினால் நாம் வளர்க்க நினைத்ததோடு வேறொன்றும் வளர்ந்துவிடும். அதைப் புத்தகம் படித்து மட்டும் பழக முடியாது.

அதே 1889இல் அந்த நிறுவனத்தில் நூலக வேலைக்குச் சேர்ந்தவர் வால்டெமார் ஹாஃப்கின். பிறகு இந்தியா வந்து, 1897 ஜனவரியில் மும்பையில் தன் பிளேக் தடுப்பூசியை முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். 1899இல் அவருடைய ஆய்வகம் பரேலுக்கு மாறியது. தினமும் ஆபீஸ் போகிற வழியில் நான் தாண்டுகிற அதே பரேல்!

1902இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில், அங்கிருந்து போன ஒரே பாட்டிலில் ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸில் இறந்தார்கள். பழி பரேல் ஆய்வகத்தின் மேல் விழுந்தது. ஹாஃப்கின் பதவி போனது. ஆனால் கிராமத்தில் பாட்டிலைத் திறந்தபோது உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்ததும், அதைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாமல் அவர் பயன்படுத்தியதும் சாட்சியத்தில் இருந்தது. ரொனால்டு ராஸ் போன்றவர்கள் வாதாடி, 1907இல்தான் ஹாஃப்கின் மேலிருந்த பழி நீங்கியது.

பாங்கில் இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் என்று வைத்திருப்போம். புதிதாக வருகிறவர்கள் இது எதற்கு என்று கேட்பார்கள். கணக்கு ஒருமுறை இடித்த பிறகு யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்த இடுக்கிக் கதையைப் படித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.

ராத்திரி அவளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி சித்தப்பா. ஆனா எங்களுக்கு நுண்ணோக்கியே காட்டலை. புரொஜெக்டர்ல படம் மட்டும்தான்" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் சொல்வதும் நியாயம்தானே? ரூ நடத்தியது கைவேலை வகுப்பு. அதை விட்டுவிட்டு கிரெடிட்டை மட்டும் எண்ணினால் 12 என்ன, 24 வைத்தாலும் பிரயோஜனமில்லை.

"அப்போ வகுப்பே வேண்டாம்னு சொல்லாதேம்மா. செய்முறை வேணும்னு எல்லாரும் சேர்ந்து எழுதிக் கொடுங்க" என்றேன். செமஸ்டர் முடிகிறவரை விடமாட்டேன் என்று வாக்கு கொடுத்திருக்கிறாள். பார்ப்போம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது இப்படிப் படித்துக்கொண்டிருந்தால், அடுத்த முறை போன் பண்ணும்போது மார்க் எவ்வளவு என்பதோடு, கையால் என்ன செய்யப் பழகினாய் என்றும் கேளுங்கள்.