கல்லூரிக்கான தயாரிப்பு: பத்தாம் வகுப்பிலேயே தொடங்குவோம்

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிறகுதான் "அடுத்து என்ன படிக்க வைக்கலாம்?" என்ற பேச்சு நம் வீடுகளில் பெரும்பாலும் தொடங்குகிறது. ஜமாஅத்களில் நடக்கும் கல்வி வழிகாட்டி முகாம்களில் பெற்றோர் நம்மிடம் கேட்பவற்றில் பல, இரண்டு வருடம் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்.

முதலாவது ப்ளஸ் ஒன் குரூப். பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. கணிதம் இல்லாத அறிவியல் குரூப்பில் சேர்ந்த பிள்ளைக்கு நீட் கைகொடுக்காவிட்டால் பொறியியல் பக்கம் திரும்புவது கடினம். உயிரியலும் கணிதமும் சேர்ந்த குரூப் என்றால் இரண்டு வழியும் திறந்திருக்கும். அதற்காக கணக்கு வராத பிள்ளையை அதில் தள்ளவும் கூடாது. காமர்ஸ் படித்து சி.ஏ. போகலாம், ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் போதும். பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் சேர்ந்து, டிப்ளமோ முடித்து, நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் இருக்கிறது.

அடுத்தது, நம்மவர்கள் அதிகம் ஏமாந்துபோகும் இடம். அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கும் பிள்ளையை, ப்ளஸ் ஒன்னில் கடன் வாங்கியாவது தனியார் பள்ளிக்கு மாற்றுகிறோம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5% உள் ஒதுக்கீடு உள்ளது. கலந்தாய்வு வழியே இதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பள்ளியை மாற்றினால் அந்த உரிமை போய்விடும். அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. நம் சமுதாயப் பள்ளிகளில் பல அந்த வகைதான் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆனால் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள், உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. மகளின் படிப்பைப் பன்னிரண்டோடு நிறுத்த நினைக்கும் வீடுகளில் இதை அவசியம் சொல்லுங்கள்.

சான்றிதழ்களைக் கோடை விடுமுறையில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. முஸ்லிம்களுக்கான 3.5% இட ஒதுக்கீடு, பி.சி.எம். சாதிச் சான்றிதழ் இருந்தால்தான் கிடைக்கும். லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்னி, ஷேக், சையத், மாப்பிள்ளை, அன்சார், தூதேகுலா ஆகியோர் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். சான்றிதழில் வெறும் "முஸ்லிம்" என்று போட்டால் செல்லாது. குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாதிருந்தால் முதல் பட்டதாரி சான்றிதழும் வாங்குங்கள். கலந்தாய்வில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் அது கிடைக்காது. இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

கடைசியாகப் பெயர். முஹம்மது என்ற ஒரு பெயருக்கே ஆங்கிலத்தில் நாலைந்து எழுத்துக்கூட்டல் புழங்குகிறது. ஆதாரில் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் இன்னொன்று என்றிருந்தால் உதவித்தொகை, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் இழுபறிதான். பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப் பட்டியல் தயாராகும்போது தந்தை பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.