ஆரோக்கியசாலையிலிருந்து ஆய்வுக்கூடம் வரை

மருந்து ஆராய்ச்சி நிலையம் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது என்ன? கண்ணாடிக் குடுவைகள், நுண்ணோக்கிகள், வெள்ளை அங்கி அணிந்த விஞ்ஞானிகள், அவர்களிடம் பாடம் கேட்கும் மாணவர்கள். இவை யாவும் ஐரோப்பியர் வருகைக்குப் பின் நம் நாட்டுக்கு வந்தவை என்று எண்ணுவோர் பலர். ஆய்வுக்கூடம் பிற்காலத்தில் வந்தது என்பது உண்மையே. ஆனால் மருந்துகளைத் தயாரிக்கவும், சேமிக்கவும், நோயாளிகளுக்குக் கொடுக்கவும் சம்பளம் பெற்ற பணியாளர்களைக் கொண்ட நிலையங்கள் தமிழ்நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன. பின்னாளில் அத்தகைய ஒன்று திருவரங்கத்திலும் இருந்தது.

அந்தப் பழைய சாலைக்கும் இன்றைய ஆய்வுக்கூடத்துக்கும் உள்ள உறவு யாது? இவை எதில் ஒத்திருக்கின்றன, எதில் வேறுபடுகின்றன? கல்வெட்டுகளில் தொடங்கி இருமல் மருந்துப் புட்டி வரை சென்று இதை ஆராய்வோம்.

திருவரங்கத்து ஆரோக்கியசாலை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தீவாக அமைந்த ஊர் திருவரங்கம். அரங்கநாதர் கோயிலுக்குள் தன்வந்திரிக்கு ஒரு சந்நிதி உண்டு என்பதை அங்குச் சென்றவர்கள் அறிவார்கள். ஆயுர்வேதத்தின் தெய்வமாகப் போற்றப்படுபவர் தன்வந்திரி. அவருக்கு இங்கே இடம் கிடைத்ததற்குக் காரணம் உண்டு. இக்கோயிலோடு இணைந்து ஒரு மருத்துவமனை இயங்கிவந்தது. அதன் பெயர் ஆரோக்கியசாலை.

இதைத் தெரிவிப்பது சக ஆண்டு 1415, அதாவது கி.பி. 1493ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு. கருடவாகன பட்டர் என்னும் பட்டப்பெயர் கொண்ட சீனிவாசர் என்பவர், பாழடைந்து கிடந்த ஆரோக்கியசாலையைப் புதுப்பித்துத் தன்வந்திரியின் திருவுருவத்தையும் எழுந்தருளச் செய்தார் என்பது அதன் செய்தி. அச்சாலையை முதலில் அமைத்தவர் அவருடைய முன்னோருள் ஒருவர். போசள மன்னர்கள் திருவரங்கத்துக்கு அருகில் உள்ள கண்ணனூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட 13ஆம் நூற்றாண்டில், அவ்வரசின் அதிகாரி ஒருவர் அளித்த பொருளைக் கொண்டு அது நிறுவப்பட்டது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்ந்த டில்லிப் படையெடுப்புகளின்போது சாலை அழிவுற்றது. அதை மறுபடி எழுப்ப ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆயின.

170 ஆண்டுகள் என்றால் ஆறேழு தலைமுறைகள். கட்டடத்தை மீண்டும் கட்டிவிடலாம். அதில் பயன்பட்ட அறிவு இத்தனை காலமும் எங்கே இருந்தது? அது ஒரு குடும்பத்தில் இருந்தது. கருடவாகன பட்டர் என்ற பெயரும் மருத்துவத் தொண்டும் தலைமுறை தலைமுறையாக ஒரே மரபில் வந்தமையால்தான் 1493இல் ஒருவர் அப்பணியைத் தமக்குரியதெனக் கருதி எடுத்துச் செய்ய முடிந்தது. அந்த மரபு இடையில் அற்றுப்போயிருந்தால் அறிவும் அற்றுப்போயிருக்கும். இந்த ஆபத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

ஒரு சாலையின் வரவு செலவு

இத்தகைய சாலையில் யார் யார் வேலை செய்தார்கள்? அவர்களுக்கு என்ன ஊதியம்? இதை விளக்கமாகக் கூறும் கல்வெட்டு காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகியவை கூடும் திருமுக்கூடலில் இருக்கிறது. வீரராசேந்திர சோழனின் ஆட்சியில், கி.பி. 1069 வாக்கில் அது பொறிக்கப்பட்டது. அங்கே கோயிலை ஒட்டி வேதமும் இலக்கணமும் கற்பிக்கும் கல்லூரி ஒன்றும், மாணவர் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் இருந்தன. மருத்துவமனையின் பெயர் வீரசோழன்.

அதன் தலைமை மருத்துவருக்கு நாள் ஒன்றுக்கு 3 குறுணி நெல். கணக்கிட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 360 நாள் என்று கொண்டால் 1,080 குறுணி. 12 குறுணி ஒரு கலம் ஆதலால் 90 கலம். இதனோடு ஆண்டுக்கு 8 காசும் கிடைத்தது. அறுவை மருத்துவருக்கு 30 கலம். மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்சும் இருவருக்கும் சேர்த்து 60 கலம். நோயாளிகளைக் கவனித்து மருந்து கொடுக்கும் பெண்கள் இருவருக்கும் சேர்த்து 30 கலம். நாவிதருக்கு 15 கலம். இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய் உட்பட எல்லாவற்றுக்கும் ஒதுக்கீடு உண்டு.

மூலிகை பறிப்போர் இருவருக்கும் அறுவை மருத்துவருக்கும் ஆளுக்கு ஒரே அளவு நெல் என்பதைக் கவனியுங்கள். மருந்து செய்வது எடுபிடி வேலையாகக் கருதப்படவில்லை. இன்றைய சொல்லில் கூறினால், அந்த இருவரும் அம்மருத்துவமனையின் மருந்தாக்கப் பிரிவு ஆவர்.

ஓராண்டுக்கென இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் கல்லில் உள்ளது. ஏறத்தாழ 20 மருந்துகள் அதில் இடம்பெறுகின்றன. வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாணக லவணம் என்று அது நீள்கிறது. லேகியங்கள், தைலங்கள், நெய்கள், உப்புகள் எனப் பலவகை மருந்துகள் இவற்றுள் அடங்கும். இவற்றிற் பலவற்றைச் சரகர் முதலியோரின் ஆயுர்வேத நூல்களில் காணலாம். நூல்களைக் கற்பிக்கவும் ஏற்பாடு இருந்தது. திருவாவடுதுறையில் 1121ஆம் ஆண்டு விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டு, சரக சம்ஹிதையும் அஷ்டாங்க ஹிருதயமும் பயிலும் மாணவர்களுக்கு உணவளிக்க விடப்பட்ட கொடையைக் குறிப்பிடுகிறது.

ஆசிரியர், மாணவர், மருந்துக் கிடங்கு, நிலையான வருமானம் ஆகிய அனைத்தும் இருந்தன. ஆனால் ஒரு குறை உண்டு. நாவிதரின் நெல்லைக்கூடக் கணக்கிட்டுப் பொறித்த அந்தக் கல்லில், ஓராண்டில் எத்தனை பேர் சிகிச்சைக்கு வந்தார்கள், எந்த மருந்தால் எத்தனை பேர் குணமடைந்தார்கள் என்ற செய்தி இல்லை. கொடையைப் பதிவு செய்வதே கல்வெட்டின் வேலை. ஆகவே இதைக் குற்றமாகக் கூற இயலாது. எனினும், இந்த இரண்டாவது கணக்கை எழுதத் தொடங்கியபோதுதான் நவீன மருந்தியல் பிறந்தது. பட்டியலின் ஒரு மருந்தைப் பின்தொடர்ந்தால் இது விளங்கும்.

ஆடாதொடையின் பயணம்

வாசா ஹரீதகியில் உள்ள ‘வாசா’ என்பது வேறொன்றுமில்லை, நம் ஊர் வேலியோரங்களில் வளரும் ஆடாதொடை. ஹரீதகி என்பது கடுக்காய். ஆடு தின்னாத அளவுக்கு இலை கசப்பதால் ஆடாதொடை எனப் பெயர் வந்தது என்பார்கள். இருமலுக்கும் சளிக்கும் இதைக் கஷாயமாகக் காய்ச்சிக் குடிப்பது இன்றும் வழக்கம்.

கசப்புக்குக் காரணம் என்ன? இக்கேள்விக்கு விடை தேடியவர் நீலகிரியில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர். மலேரியாவுக்கு மருந்தான குவினைன், சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைக்கிறது. நீலகிரியில் அரசாங்கம் சிங்கோனாத் தோட்டங்களை அமைத்திருந்தது. பட்டையில் எவ்வளவு குவினைன் உள்ளது என்று சோதிப்பது உதகமண்டலத்தில் சென்னை அரசாங்கத்தின் குவினைன் நிபுணராக இருந்த ஹூப்பரின் வேலை. அதே திறமையை அவர் நாட்டு மூலிகைகளின் பக்கமும் திருப்பினார். 1888இல் ஆடாதொடை இலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து அதற்கு வாசிசின் என்று பெயர் கொடுத்தார். கல்வெட்டில் உள்ள ‘வாசா’ என்ற சொல்லே இவ்வாறு வேதியியல் அகராதியிலும் இடம்பெற்றது.

வாசிசின் ஓர் ஆல்கலாய்டு. தாவரங்களில் காணப்படும், நைட்ரஜன் அடங்கிய, காரத்தன்மை கொண்ட பொருள்களை ஆல்கலாய்டுகள் என்கிறோம். இவற்றைப் பிரிக்கும் பொதுவான முறை எளிது. அமிலம் கலந்த நீரில் இலைத்தூளை ஊறவைத்தால் ஆல்கலாய்டு உப்பாக மாறி நீரில் கரையும். பின்னர் காரத்தைச் சேர்த்தால் அது தனியே பிரியும். முறை எளிதாயினும் மூலக்கூறின் அமைப்பைக் கண்டறிவது எளிதன்று. வாசிசினின் அமைப்பு 1930களில்தான் தெளிவாயிற்று.

அமைப்புத் தெரிந்தபின் அதைப் போன்ற பிற மூலக்கூறுகளைச் செயற்கையாக உண்டாக்கிச் சோதிக்கலாம் அல்லவா? ஜெர்மனியில் அவ்வாறு சோதித்ததன் பயனாக 1960களில் புரோம்ஹெக்சின் என்னும் மருந்து வெளிவந்தது. இது கெட்டியான சளியில் உள்ள நார் போன்ற பொருளைச் சிதைத்து, சளியை இளகச் செய்கிறது. இளகிய சளி எளிதில் வெளியேறுகிறது. உடலுக்குள் புரோம்ஹெக்சின் மாற்றமடைந்து உண்டாகும் பொருளே ஆம்பிராக்ஸால். அதுவும் தனி மருந்தாக விற்பனைக்கு வந்தது. இருமல் மருந்துப் புட்டிகளின் மேல் ஒட்டிய சீட்டைப் படித்தால் இந்த இரு பெயர்களில் ஒன்றைப் பெரும்பாலும் காண்பீர்கள்.

அளவைக் கவனியுங்கள். புரோம்ஹெக்சின் மாத்திரை ஒன்றில் 8 மில்லிகிராம் மருந்து உள்ளது. எந்தக் கடையில் வாங்கினாலும் அதே 8 மில்லிகிராம்தான் இருக்க வேண்டும். கஷாயத்தில் அப்படி உறுதி கூற முடியாது. செடி வளர்ந்த நிலம், பறித்த பருவம், இலையின் முதிர்ச்சி ஆகியவற்றுக்கேற்ப ஆல்கலாய்டின் அளவு மாறும்.

ஆராய்ச்சி மற்றொன்றையும் காட்டியது. ஜம்முவில் இருந்த மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் வாசிசினைச் சோதித்த விஞ்ஞானிகள், அது கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆற்றல் உடையது எனக் கண்டனர். எனவே கருவுற்ற பெண்கள் ஆடாதொடையைத் தவிர்க்க வேண்டும். மூலிகைதானே, தீங்கு செய்யாது என்று எண்ணுவது தவறு. அதே திருமுக்கூடல் பட்டியலில் உள்ள பல்லாதக ஹரீதகியும் இதற்குச் சான்று. பல்லாதகம் என்பது சேங்கொட்டை. சலவைத் துணிகளில் அடையாளம் இட அதன் சாறு பயன்பட்டது. தோலில் பட்டால் அது கொப்புளம் உண்டாக்கும். பழைய வைத்தியர்கள் அதைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்த்ததில்லை.

திருச்சியில் ஒரு காப்பகம்

மூலிகை ஆராய்ச்சியின் முதற்படி எது? வேதியியல் சோதனை அன்று. செடியைச் சரியாக அடையாளம் காண்பதே. பிராமி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். சில இடங்களில் அது வல்லாரையைக் குறிக்கும். வேறு சில இடங்களில் நீர்ப்பிரமியைக் குறிக்கும். இவை இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த செடிகள். ஒருவர் வல்லாரையைச் சோதித்து, மற்றொருவர் நீர்ப்பிரமியைச் சோதித்து, இருவரும் பிராமி என்றே எழுதினால் முடிவுகள் எப்படி ஒத்துப்போகும்?

இக்குழப்பத்தை நீக்கும் நிலையம் ஒன்று திருவரங்கத்துக்கு அருகில், திருச்சி நகரிலேயே உள்ளது. அது தூய வளனார் கல்லூரியில் உள்ள ராபினட் உலர்தாவரக் காப்பகம். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883இல் திருச்சிக்கு இடம் மாறிய கல்லூரி அது. அங்கே தாவரங்களை ஆராய்ந்த பாதிரியார் ராபினட்டின் பெயரால் 1967இல் இக்காப்பகத்தை நிறுவியவர் பாதிரியார் கே.எம். மாத்யூ. அவரும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டுச் சமவெளிகளிலும் குன்றுகளிலும் அலைந்து செடிகளைத் திரட்டினர். அந்த உழைப்பின் பயனாக, கர்நாட்டிக் எனப்படும் நம் கிழக்குப் பகுதியின் தாவரங்களைப் பற்றிய பெருநூல் 1981 முதல் பல பகுதிகளாக வெளிவந்தது.

உலர்தாவரத் தாள் என்பது பார்வைக்கு மிகச் சாதாரணமானது. பூவும் இலையும் கொண்ட ஒரு கிளையை அழுத்தி உலர்த்தித் தடித்த தாளில் ஒட்டுகிறார்கள். எந்த இடம், எந்த நாள், சேகரித்தவர் யார், அறிவியற்பெயர் யாது என்று கீழே ஒரு சீட்டில் எழுதுகிறார்கள். அவ்வளவுதான். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் ‘நீங்கள் சோதித்தது உண்மையில் எந்தச் செடி?’ என்று கேட்டால், அந்தத் தாளை எடுத்துக் காட்டலாம். ஐயம் தீரும்.

இங்கேதான் நாம் முன்பு கூறிய ஆபத்துக்கு மருந்து இருக்கிறது. கருடவாகன பட்டர்களின் அறிவு ஒரு குடும்பத்தின் நினைவில் தங்கியிருந்தது. உலர்தாவரத் தாளும், ஆய்விதழில் அச்சான கட்டுரையும் எந்த ஒரு குடும்பத்துக்கும் உரியவை அல்ல. தகுதி உள்ள எவரும் அவற்றைப் பார்க்கலாம், சோதனையைத் திரும்பச் செய்யலாம், தவறு கண்டால் திருத்தலாம். ஒரு நிலையம் அழிந்தாலும் அதன் முடிவுகள் வேறு நூறு நூலகங்களில் எஞ்சியிருக்கும்.

மாணவர்களுக்கு

இன்று திருச்சி வட்டாரத்தில் 1982இல் தோன்றிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும், அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகத்திலும், பல கல்லூரிகளிலும் உயிரித் தொழில்நுட்பமும் மருந்தாக்கமும் கற்பிக்கப்படுகின்றன. அங்கே ஒரு விரிவுரையாளர் காலையில் பாடம் நடத்துகிறார். பிற்பகலில் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுடன் மூலிகைச் சாற்றைச் சோதிக்கிறார். கற்பிப்பவரும் மருந்தை ஆராய்பவரும் ஒருவராகவே இருப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று.

முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவதால் பயன் இல்லை. அவர்கள் ஒன்றும் அறியாதவர் என்று ஒதுக்குவதும் நேர்மையன்று. எந்தச் செடியைச் சோதிக்கலாம் என்று அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அது என்ன செய்கிறது, எவ்வளவு கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பவற்றைச் சோதனைதான் சொல்ல முடியும். திருமுக்கூடல் பட்டியலில் உள்ள மருந்துகளுள் ஆடாதொடையைப் போல் இத்தனை தொலைவு பின்தொடரப்பட்டவை மிகச் சில. மற்றவை கல்லிலும் நூலிலும் காத்திருக்கின்றன. வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது.