மருந்தோடு சேர்ந்த சொல்

சிட்லபாக்கத்தை அடுத்துள்ள தாம்பரம் சானடோரியத்தை 1928-ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கியவர் டாக்டர் சவுரி முத்து. அன்று காசநோயைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு, இவைதான் சிகிச்சை.

1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் சென்னையில் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர். இந்தியாவில் அதுவே முதல் முறை. 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகள் பெருமளவில் சானடோரியத்துக்கு வந்தனர். மருந்தின் விலையோ ஏழைகளுக்கு எட்டவில்லை. 2004 ஏப்ரலில்தான் அரசின் இலவச கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியது.

மாத்திரை கொடுத்தால் மட்டும் போதுமா? அதை வாழ்நாள் முழுவதும் தவறாமல் சாப்பிட வேண்டும். இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். இதைப் புரிய வைப்பவர் ஆலோசகர். பரிசோதனைக்கு முன்பும் பின்பும் தனியாக உட்கார்ந்து பேசி, பயத்தைப் போக்குபவரும் அவரே. தமிழகத்தில் இந்தப் பரிசோதனை மையத்தின் பெயரே 'நம்பிக்கை மையம்'!

கல்விக்கூடங்களில் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் பாகுபாடு காட்டுவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் பக்கத்தில் உட்காரத் தயங்கும் மாணவனின் பயத்தைச் சட்டத்தால் போக்க முடியாது. பொறுமையாக எடுத்துச் சொல்லும் ஆசிரியரால் முடியும். மருத்துவமனைக்கு மட்டுமல்ல, வகுப்பறைக்கும் ஆலோசகர் தேவை.