துடைத்துவிட்டுப் போகும் கரும்பலகை

ஹம் என்றால் ஐரோப்பாவில் வாழும் தமிழர்களுக்குக் காமாட்சி அம்பாள் கோயில்தான் நினைவுக்கு வரும். 2002 ஜூலையில் குடமுழுக்கு கண்ட அந்தக் கோயிலின் 17 மீட்டர் ராஜகோபுரம், ஊன்ட்ரொப் பகுதியின் தொழிற்சாலைகளுக்கு நடுவே நிற்கிறது. தேருக்குப் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். அதைப் பற்றி ஆய்வேடுகள் உண்டு, ஆவணப்படங்களும் உண்டு. அதே காலத்தில் அதே மக்கள் சனிக்கிழமை தோறும் நடத்திவந்த தமிழ்ப் பள்ளிகளைப் பற்றித் தேடினால் கிடைப்பது சொற்பம். காரணம் எளிது. கோயில் கல்லில் இருக்கிறது. தமிழ்ப் பள்ளியோ வேறொருவரின் கட்டடத்தில், வேறொருவரின் நாற்காலியில் நடப்பது. மதியம் கரும்பலகையைத் துடைத்து, நாற்காலிகளை இருந்தபடியே வைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். திங்கட்கிழமை காலையில் வரும் ஜெர்மன் ஆசிரியைக்கு அங்கே ஒரு பள்ளி நடந்த சுவடே தெரியக் கூடாது.

நான் ஈழத்தவன் அல்லன். முதுகலை படிக்க வந்து, மென்பொருள் வேலையில் இந்த வட்டாரத்திலேயே தங்கிவிட்ட தமிழ்நாட்டுக்காரன். மகளை அ, ஆ படிக்க அனுப்பியபோதுதான் இந்தக் கேள்வி வந்தது: சம்பளமில்லாத இத்தனை ஆசிரியர்கள் எப்படி உருவானார்கள்?

விடையின் ஒரு பாதி ஜெர்மனியின் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. விருந்தாளித் தொழிலாளர் என்று அழைத்துவரப்பட்ட இத்தாலியர், கிரேக்கர், துருக்கியர் ஆகியோரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிப்பது பற்றி இங்குள்ள மாநிலக் கல்வி அமைச்சர்கள் 1964-லேயே பேசி முடிவெடுத்தார்கள். 1977 ஜூலையில் ஐரோப்பியச் சமூகம் ஒரு நெறிமுறையையே பிறப்பித்தது: உறுப்பு நாடுகளிலிருந்து வந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்கு, தாய்நாட்டோடு ஒத்துழைத்து, தாய்மொழி கற்பிக்க வழி செய்ய வேண்டும். 'தாய்நாட்டோடு ஒத்துழைத்து' என்பதை இரண்டு முறை படிக்க வேண்டும். துருக்கி உறுப்பு நாடு இல்லையென்றாலும் அதற்கு இங்கே தூதரகம் இருந்தது. சில மாநிலங்களுக்கு அது ஆசிரியர்களையே அனுப்பியது. 1983 ஜூலைக்குப் பிறகு ஓடிவந்த ஈழத்தமிழருக்கு எந்தத் தூதரகம் ஆசிரியர் அனுப்பும்? ஓடிவந்ததே அந்த அரசிடமிருந்துதானே.

அவர்கள் வந்த வழியும் விந்தையானது. கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலேறி மேற்கு பெர்லினுக்குப் போனார்கள். அந்தக் கோட்டை நாட்டெல்லையாக ஏற்றுக்கொள்ளாத மேற்கு ஜெர்மனி அங்கே கடவுச்சீட்டுச் சோதனை வைக்கவில்லை. 1985-ல் கிழக்கு ஜெர்மனி தமிழருக்கு அந்த வழியை அடைத்தது. வந்து சேர்ந்தவர்களை மாநிலவாரியாகப் பங்கிட்டுச் சிறு ஊர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். வழக்கு முடியும்வரை ஒதுக்கிய வட்டாரத்தைத் தாண்ட எழுத்தில் அனுமதி வேண்டும். 1987-லிருந்து சில ஆண்டுகள், புகலிடம் கேட்டவர் ஐந்து வருடம் வேலைக்கே போகக் கூடாது என்றும் விதி இருந்தது. 1991-ல்தான் அது நீங்கியது.

லண்டன், டொரோண்டோ போல ஒரே பேட்டையில் பத்தாயிரம் தமிழர் கூடிய நகரம் ஜெர்மனியில் உருவாகாததற்கு இந்தப் பங்கீடு ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். அதனால்தான் இங்கே பெரிய தமிழ்ப் பள்ளி ஒன்று வராமல், சின்னச் சின்னதாக நூற்றுக்கு மேல் வந்தன. 1990-ல் அமைந்த தமிழ்க் கல்விக் கழகத்தின் கீழ் 'தமிழாலயம்' என்ற பெயரில் ஊர்தோறும் வகுப்புகள். எல்லா ஊருக்கும் ஒரே பாடநூல், ஒரே பொதுத்தேர்வு. இருபது பிள்ளைகள் உள்ள ஊருக்கும் ஐந்தாறு ஆசிரியர் தேவை, ஏனென்றால் இருபதும் ஐந்தாறு வகுப்பில் இருக்கும். அத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. பகலில் உணவகச் சமையலறையிலோ துப்புரவு வேலையிலோ நின்றவர்கள்தான் சனிக்கிழமை வாத்தியாரானார்கள். அவர்களில் ஊரில் உண்மையாகவே ஆசிரியராக இருந்தவர்களும் உண்டு. அந்த ஒரு அரை நாள்தான் அவர்கள் தங்கள் தொழிலைச் செய்த நேரம்.

ஈழத்து அம்மா ஒருவர், முப்பது வருடத்துக்கு மேல் கற்பித்தவர், சொன்னார்: "தம்பி, ஆரம்பத்தில புத்தகம் எங்க? கையால எழுதி, படியெடுத்து, பிள்ளையளுக்குக் குடுத்தனாங்கள்." அந்தத் தாள்கள் எங்கே என்று கேட்டேன். வீடு மாறும்போது நிலவறையோடு போய்விட்டதாம்.

ஹம் இதற்கு முன்பும் இப்படியொரு காட்சியைக் கண்ட ஊர்தான். ரூர் நிலக்கரி வட்டாரத்தின் கிழக்கு ஓரம் இது. சுரங்கங்களுக்குப் போலந்து மொழி பேசும் மக்கள் பெருந்திரளாக வந்தார்கள். 1890-லேயே போகும் நகரில் அவர்களுக்குச் சொந்தப் பத்திரிகை இருந்தது. பிரஷ்ய அரசுக்கு அது பிடிக்கவில்லை. 1908-ல் வந்த சங்கச் சட்டம், பொதுக்கூட்டத்தில் ஜெர்மன் மொழிதான் பேச வேண்டும் என்றது. அதே 1908 நவம்பரில், இன்று ஹம் நகருக்குள் இருக்கும் ராட்போட் சுரங்கத்தில் நேர்ந்த விபத்தில் சுமார் 350 பேர் மாண்டார்கள். அந்தப் போலந்துக் குடும்பங்களின் பெயர்கள் இன்றும் இந்த வட்டாரத்தின் கதவு மணிகளில் இருக்கின்றன. மொழி இல்லை.

தமிழுக்கு அந்தத் தடை இல்லை. இருக்கும் நெருக்கடி வேறு: நேரம். 2003-லிருந்து இந்த மாநிலத்துத் தொடக்கப் பள்ளிகளில் முழுநாள் பராமரிப்பு பரவியது. பல பிள்ளைகள் மாலை நான்குவரை அங்கேதான். வாரநாளில் தமிழ் வகுப்பு என்பது நினைக்கவே முடியாதது. மிஞ்சிய சனிக்கிழமையில் கால்பந்தும் நீச்சலும் பிறந்தநாள் விருந்தும் போட்டிக்கு நிற்கின்றன.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜெர்மன் தொடக்கப் பள்ளியும் தன்னார்வலர்களால்தான் மூச்சுவிடுகிறது. பள்ளிக்குப் பள்ளி பெற்றோர் நடத்தும் ஆதரவுச் சங்கம். அதற்குக் கேக் விற்றுக் காசு சேர்ப்பார்கள். ஓய்வுபெற்ற தாத்தாக்கள் வந்து பிள்ளைகளோடு புத்தகம் வாசிப்பார்கள். என் மகளின் பள்ளி விழாவில் ஈழத்து அம்மாக்களின் ரோல்ஸ்தான் முதலில் தீரும். காமராசர் காலத்தில் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூட்டியதும், மக்கள் மேசையும் கரும்பலகையும் தந்ததும் என் அப்பா சொல்லக் கேட்டது. யாழ்ப்பாணத்துக்குப் பிடியரிசி மரபு. வாரத்தின் ஐந்து நாள் கேக்குக்கும், ஆறாம் நாள் தமிழுக்கும் உழைப்பவர் பல நேரம் ஒரே அம்மாதான். இதை ஒருங்கிணைப்பு பற்றிக் கருத்தரங்கு நடத்துபவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

இப்போது முதல் தலைமுறை ஆசிரியர்கள் விலகுகிறார்கள். முழங்கால் வலி, பேரப்பிள்ளைகள், சில இறப்புகள். மகளின் வகுப்பை எடுப்பவர் இங்கே பிறந்த மருத்துவ மாணவி. 'ழ' வராத பிள்ளைக்கு நாக்கை எங்கே மடக்குவது என்று ஜெர்மனில் விளக்குகிறார். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் பிள்ளைக்கு 'ழ' வந்துவிட்டது.

நான் கற்பிக்க லாயக்கில்லை. என் பேச்சுத் தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனவே வருடியும் மடிக்கணினியுமாகப் பழைய ஆசிரியர்களின் வீடுகளுக்குப் போய், மிஞ்சிய வரவுப் பதிவேடுகளையும் வினாத்தாள்களையும் படமெடுத்து வைக்கிறேன். இதுவரை நான்கு வீடு. ஐந்தாவது வீட்டு அம்மா, நிலவறையைத் துப்புரவாக்க முதல் வாங்கோ என்றிருக்கிறார்.