காண்ட்ரா: முப்பது உயிர்களின் வரலாறு

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, நான் அணைக்கட்டு பற்றியோ கோதையாறு மின் நிலையம் பற்றியோ எழுதுவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். பேச்சிப்பாறைக்காரன், அதுவும் இன்ஜினியர், வேறு எதை எழுதப் போகிறான்? அவற்றை எழுத மூத்தவர்கள் இருக்கிறார்கள். என் வயதுக்காரர்கள் பலருடைய வீட்டுக்குள் முதன்முதலாக வந்த கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுகிறேன். டிவியில் மாட்டிய வீடியோ கேம் பெட்டியைத்தான் சொல்கிறேன். அதில் எல்லோரும் ஆடிய ஆட்டம் காண்ட்ரா.

1969-ல் ஜப்பானின் ஒசாகா பகுதியில் ககெமாசா கொசுகி என்பவர் ஜூக்பாக்ஸ் வாடகைக்கு விடும், பழுது பார்க்கும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் கொனாமி என்ற பெரிய நிறுவனமாயிற்று. 1987-ல் காசு போட்டு ஆடும் இயந்திரமாகக் காண்ட்ராவை வெளியிட்டது. மறு ஆண்டே நிண்டெண்டோவின் வீட்டுப் பெட்டிக்கு அதை மாற்றிக் கொடுத்தது. நிகராகுவா நாட்டுக் கிளர்ச்சிப் படைக்கு அப்போது உலகம் முழுவதும் வழங்கிய பெயர்தான் ஆட்டத்தின் பெயர். ஆனால் கதை வேறு. பில், லான்ஸ் என்ற இரண்டு வீரர்கள் வேற்றுக்கிரகப் படையை அழிக்கப் போகிறார்கள். காடு, கோட்டை, அருவி, பனிக்காடு என்று மொத்தம் 8 கட்டங்கள்.

போன இடமெல்லாம் அதற்கு ஒரே மாதிரி வரவேற்பு கிடைக்கவில்லை. அமெரிக்காவில் பிள்ளைகள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஐரோப்பாவில் மனிதனை மனிதன் சுடுவது ஆகாது என்று வீரர்களை இயந்திர மனிதர்களாக மாற்றி, 'புரோபோடெக்டர்' என்று பெயரும் மாற்றி 1990-ல் விற்றார்கள். ஜப்பானியப் பதிப்பில் கதை எதிர்காலத் தீவு ஒன்றில் நடக்கும். அமெரிக்கப் பதிப்பில் அதே காடு அமேசான் காடாகிவிட்டது. எங்களுக்கு அது எந்தக் காடு என்று யாரும் சொல்லவில்லை. கோதையாறு மலைக்கு அந்தப் பக்கம் என்று நாங்களே வைத்துக்கொண்டோம்!

சரி, பேச்சிப்பாறைக்கு அது எப்படி வந்தது? கொனாமி அனுப்பி வரவில்லை. தைவானில் யுஎம்சி போன்ற நிறுவனங்கள் நிண்டெண்டோ பெட்டியின் சிப்புகளுக்கு மாற்றுச் சிப்பு செய்தன. அவற்றை வைத்து ஏகப்பட்ட பெயர்களில் பெட்டிகள் வந்தன. ரஷ்யாவில் 1992-ல் 'டெண்டி' என்று வந்து அந்த நாட்டையே பிடித்தது. நம் நாட்டில் சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்கள். எங்கள் ஊருக்கு வந்த முதல் பெட்டி பக்கத்து வீட்டு அண்ணன் சவூதியிலிருந்து லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தது. அடுத்து குலசேகரத்தில் மணிக்கு இவ்வளவு என்று ஆட விடும் கடை வந்தது. ரப்பர் வெட்டு முடிந்து அப்பா வரும் முன்னால் வீடு வந்து சேரணும், இல்லேன்னா முதுகு பழுத்துரும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அந்தப் பெட்டியின் வேகம் சுமார் 1.8 மெகாஹெர்ட்ஸ். வேலை செய்யும் நினைவகம் 2 கிலோபைட். அமெரிக்கப் பதிப்பு காண்ட்ரா மொத்தமும், படம், இசை, 8 கட்டம் எல்லாம் சேர்த்து, 128 கிலோபைட். இன்று நீங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே அது பத்தாது. நமக்கு வந்த கேசட்டைத் திறந்தால் சிப்பு கூடத் தெரியாது, பலகையின் மேல் கறுப்பாக ஒரு பசைத் துளிதான் இருக்கும். '9999 இன் 1' என்று மேலே போட்டிருக்கும். உள்ளே இருப்பதோ சில ஆட்டங்கள். ஒரே ஆட்டத்தை வெவ்வேறு கட்டத்திலிருந்து தொடங்க வைத்து எண்ணிக்கையைக் கூட்டியிருப்பார்கள். ஏமாற்றுதான், ஆனால் அதைச் செய்யவும் ஒருவனுக்கு அந்த புரோகிராமின் உள்விவரம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

முப்பது உயிருக்கு வருகிறேன். ஆட்டம் உங்களுக்குத் தருவது 3 உயிர்தான். ஒரு குண்டு பட்டால் ஒரு உயிர் போச்சு. மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ என்று தொடக்கத்தில் அமுக்கினால் 30 உயிர். இந்த வரிசையை உண்டாக்கியவர் கொனாமியில் வேலை பார்த்த கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986-ல் 'கிரேடியஸ்' ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றும்போது, அவராலேயே அதை ஆடி முடிக்க முடியவில்லை. சோதனை செய்ய வசதியாக ஒரு குறுக்கு வழி வைத்தார். அது அப்படியே வெளியே வந்துவிட்டது. அதுவே காண்ட்ராவுக்கும் வந்தது. ஒரு இன்ஜினியர் தன் வேலைக்காக வைத்த சாவி, உலகத்துப் பிள்ளைகளின் கைக்கு வந்த கதை இது. அவர் 2020-ல் காலமானார்.

காண்ட்ராவின் உயிர் இருவர் ஆட்டத்தில்தான் இருக்கிறது. மூன்றாம் கட்டம் அருவி. திற்பரப்பு அருவியில் குளித்து வளர்ந்த எங்களுக்கு அது சொந்த இடம் மாதிரி. அதில் ஒருவன் வேகமாக மேலே ஏறினால் திரையும் கூடவே ஏறும். கீழே நிற்பவன் எதிரி யாரும் சுடாமலே செத்துப்போவான். "லேய் மக்கா, நில்லுடே, நானும் வரேன்" என்ற கூப்பாடு எத்தனை வீட்டில் கேட்டிருக்கும்! திறமைசாலி ஒருவன் மட்டும் முன்னால் போனால் கூட்டாளி போய்விடுவான் என்று எந்த வாத்தியாரும் எங்களுக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தரவில்லை. ஹாஸ்டல் நாட்களில் அரியர் வைத்த நண்பனுக்காக விடிய விடிய உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். நமக்கு வந்த கேசட்டுகள் திருட்டுப் பிரதிகள். நாம் கொடுத்த காசில் செய்தவருக்கு ஒரு பைசா போகவில்லை. பல கேசட்டுகளில் முகப்பிலிருந்த கொனாமி பெயரையே அழித்திருந்தார்கள். ஆனால் அந்தப் பிரதி இல்லையென்றால் மலையோரத்துப் பிள்ளை கையில் கம்ப்யூட்டர் என்ற ஒன்று அந்த வயதில் வந்திருக்காது, நம்மில் சிலர் இந்தக் கல்லூரிக்கே வந்திருக்க மாட்டார்கள். இரண்டும் உண்மை. படைப்புரிமை என்று பேசும் இடத்தில் எல்லாம் இரண்டையும் சேர்த்துத்தான் நான் நினைக்கிறேன்.

எங்கள் ஊர் அணையைக் கட்டிய மிஞ்சின் துரையின் பெயர் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் கல்லறையும் அங்கேயே இருக்கிறது. காண்ட்ராவைச் செய்தவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? எட்டாம் கட்டம் முடித்தால் பெயர்ப்பட்டியல் ஓடும். ஆனால் எட்டாம் கட்டம் வரும் முன்னே எங்கள் ஊரில் கரண்டு போய்விடும். வீட்டுப் பதிப்பை இயக்கியவர் ஷிகெஹாரு உமெசாகி, இசை அமைத்தவர்கள் ஹிதெனோரி மாயெசாவா, கியோஹிரோ சாதா. அந்த முதல் கட்ட இசையை இன்றும் வாயால் பாடிக் காட்டும் நண்பர்கள், இனிப் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும்.

காண்ட்ரா இன்னும் ஓயவில்லை. 2024-ல் 'ஆபரேஷன் கலுகா' என்று முதல் கதையையே புதுப்பித்து வெளியிட்டார்கள். இருந்தாலும் பழையதற்கு ஈடில்லை. உங்கள் பரணில் பழைய பெட்டி கிடந்தால் இந்தச் சந்திப்புக்குக் கொண்டு வாருங்கள். முப்பது உயிர் போட்டு, கரண்டு இருக்கும்போதே கடைசி வரை ஆடி, அந்தப் பெயர்களை ஒரு தடவையாவது முழுசாக வாசித்துவிடுவோம். அருவியில் மட்டும் கொஞ்சம் நின்று வாருங்கள்.