திரையில் மின்னிய பச்சை தாளில் ஏன் மங்குகிறது? வண்ண அச்சின் 300 வருடக் கதை



நோன்பு நெருங்கினால் நமது ஊர்களில் டிசைன் வேலையும் சூடுபிடித்துவிடும். ஸஹர், இப்தார் நேர அட்டவணை, மத்ரஸா பட்டமளிப்பு அழைப்பிதழ், பாடசாலை மலர் என்று நம் பிள்ளைகள் போனிலும் கணினியிலும் அழகழகாகச் செய்கிறார்கள். அச்சாகி வந்த பிறகுதான் முறைப்பாடு தொடங்கும். "திரையில மரகதப் பச்சை, தாள்ல பாசிப் பச்சை. பிரஸ்காரர் ஏமாத்திட்டார்!" பெரும்பாலும் பிரஸ்காரர் மீது குற்றமில்லை. இதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் 1667 இல் பிறந்தவர் ஜேகப் கிறிஸ்டோப் லெ புளோன் என்ற ஓவியர். நீலம், மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்று மைகளுக்கும் தனித்தனித் தகடு செதுக்கி, ஒன்றன் மேல் ஒன்றாக அச்சிட்டால் ஏறக்குறைய எல்லா நிறங்களையும் பெறலாம் என்று அவர் செய்து காட்டினார். 1719 இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜோர்ஜிடம் காப்புரிமையும் பெற்றார். வியாபாரம் சில வருடங்களிலேயே நொடித்தது. 1741 இல் பரிஸ் நகரில் காலமானார். ஆனால் ஒரு முக்கியமான விடயத்தை எழுதிவைத்துவிட்டுப் போனார். மைகளை எல்லாம் கலந்தால் கறுப்பு வரும். நியூட்டன் காட்டியது போல் ஒளிகளைக் கலந்தால் வெள்ளை வரும். இரண்டும் வேறு வேறு கணக்குகள்.

இன்றைய சிக்கலின் வேர் இதுதான். போன் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கண்ணுக்கு அனுப்புகிறது. இது ஆர்.ஜி.பி. அச்சகமோ சியான் என்ற இளநீலம், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால் தாளை மூடுகிறது. இது சி.எம்.வை.கே. மை ஒளி வீசாது. தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் திருப்பி அனுப்பும். சியானையும் மஞ்சளையும் சேர்த்துப் பச்சை எடுக்கும்போது திரையின் மினுக்கத்தை அந்த மைகளால் எட்டமுடியாது. நாம் ஆசையாகப் போடும் பச்சைதான் அதிகம் மங்கும் நிறங்களில் ஒன்று.

அடுத்த கட்டம் புள்ளிகள். இப்னுல் ஹைதம் தனது 'கிதாபுல் மனாழிர்' நூலில் சுழலும் பம்பரத்தைப் பற்றிச் சொல்கிறார். அதிலுள்ள பல நிறங்களைக் கண் பிரித்தறியாமல் ஒரே நிறமாகக் காண்கிறது. அச்சும் கண்ணின் இதே இயல்பில்தான் நிற்கிறது. புகைப்படத்தைச் சின்னஞ்சிறு புள்ளிகளாக உடைத்து அச்சிடும் முறைக்கு மியூனிக் நகரில் ஜோர்ஜ் மைசன்பாக் 1882 இல் காப்புரிமை பெற்றார். கண்டியைச் சேர்ந்த நமது அறிஞர் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியதும் அதே வருடம்தான்.

நல்ல தாளில் ஒப்செட் அச்சுக்கு ஓர் அங்குலத்தில் சுமார் 150 வரிசைப் புள்ளிகள் விழும். படத்தில் அதைப்போல் இரு மடங்கு விபரம் இருக்கவேண்டும் என்பது பழைய கணக்கு. அச்சகத்தார் கேட்கும் "300 டிபிஐ" அங்கிருந்து வந்ததுதான். ஏ4 தாள் முழுவதும் ஒரு படம் வரவேண்டுமென்றால் 2480க்கு 3508 பிக்சல் தேவை. வட்ஸ்அப்பில் போட்டோவாக வந்த படம் சுருங்கியிருக்கும். அதைப் பெருப்பித்தால் கலங்கித்தான் தெரியும்.

முன்பெல்லாம் இந்த வேலைகளை அச்சகத்திலேயே தனித்துறை ஆட்கள் பார்த்தார்கள். நிற வடிகட்டி வைத்துக் கமராவில் நான்கு பிலிம் எடுப்பார்கள், பிழை இருந்தால் அங்கேயே பிடிப்பார்கள். 1985 இல் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் இயங்கும் அப்பிளின் லேசர்ரைட்டரும், பேஜ்மேக்கர் மென்பொருளும் வந்தன. அதன்பின் பக்கம் அமைக்கும் வேலை மெல்ல மெல்ல மேசைக் கணினிக்கு இறங்கியது. வசதி வந்தது போலவே பொறுப்பும் டிசைன் செய்பவரின் தோளுக்கு வந்துவிட்டது. இதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நிறத்தை விடப் பெரிய ஆபத்து எழுத்தில் இருக்கிறது. பாமினியில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக்களாகச் சிதறிவிடும். தமிழ் சிதறினால் யாரும் உடனே கண்டுபிடிப்பார்கள். ஆனால் அரபியைச் சரியாகக் கையாளாத மென்பொருளில் குர்ஆன் வசனத்தின் எழுத்துக்கள் பிரிந்து, வரிசை தலைகீழாக மாறிவிடும். அரபி வாசிக்கத் தெரியாத ஒருவர் அதைக் கவனிக்காமலே 1000 பிரதி அடித்துவிடலாம். 1993 இல் வந்த பீடிஎப், எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்ப வழி செய்தது. 2001 இல் அச்சுக்கென்றே வந்த பீடிஎப்/எக்ஸ்-1ஏ தரமோ எழுத்துருக்களை உள்ளே வைப்பதைக் கட்டாயமாக்கியது, ஆர்.ஜி.பி நிறங்களைத் தடுத்தது.

ஆகவே, சங்கங்களில் பொறுப்பாக இருக்கும் சகோதர சகோதரிகளே, கோப்பை அனுப்புமுன் இவற்றைப் பாருங்கள்:

1. நிறங்களை சி.எம்.வை.கே.க்கு மாற்றிய பின் பச்சையைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.
2. வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்கப் பின்னணியை நான்கு பக்கமும் 3 மிமீ கூட்டுங்கள். வசனங்களையும் பெயர்களையும் ஓரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.
3. சிறிய எழுத்துக்களைக் கறுப்பு மையில் மட்டும் போடுங்கள். நான்கு மையும் சேர்ந்த கறுப்பு சற்று விலகினாலும் அரபியின் ஹரகத் குறிகள் மங்கிவிடும்.
4. எழுத்துருக்கள் உள்ளடங்கிய பீடிஎப் ஆக, டொகியூமெண்டாக அனுப்புங்கள்.

பள்ளிவாசல் பணமும் பாடசாலைப் பணமும் ஊர் மக்களின் அமானிதம். முழுத்தொகையும் அடிக்கச் சொல்லுமுன் ஒரேயொரு மாதிரிப் பிரதி எடுங்கள். வசனங்களை ஒரு மௌலவியிடமும், பெயர்களையும் நேரங்களையும் இன்னொருவரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் கையொப்பம் வைத்த பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.