வளவுக்குள் ஓர் ஊர்: யாழ்ப்பாண அமெரிக்கன் மிஷன் விடுதிப் பள்ளிகள், 1816–1960

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பள்ளிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு கணக்குகளைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை பேர் ஆங்கிலம் படித்து உத்தியோகத்துக்குப் போனார்கள், எத்தனை பேர் வேதத்தில் சேர்ந்தார்கள் என்பவை அவை. மிஷனின் ஆண்டறிக்கைகள் பார்த்ததும் இதே கணக்கைத்தான். அறிக்கை எழுதியவர்களின் அளவுகோலையே நாமும் கையிலெடுத்தால், அப்பள்ளிகள் விட்டுச்சென்றவற்றுள் மிகப் பெரியது கண்ணில் படாது. பாடத்தைவிடவும் பிரசங்கத்தைவிடவும் ஆழமாக வேலை செய்தது, பல ஊர்ப் பிள்ளைகள் ஒரே வளவில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கை என்பது இக்கட்டுரையின் வாதம். மதமாற்றத்துக்கு ஒரு கருவியாகவே மிஷன் அந்தக் கூட்டுவாழ்வை அமைத்தது. அதில் உருவான சமூகமோ மிஷனின் கைக்கு அடங்கவில்லை. 1855இல் தன் தலைசிறந்த பள்ளியை மிஷன் தானே மூடியதற்கும் அதுவே காரணம்.

1815 அக்டோபரில் அமெரிக்காவின் நியூபரிபோர்ட் துறையிலிருந்து கப்பலேறிய சிறு மிஷனரிக் குழு மறு ஆண்டு கொழும்பு வந்து சேர்ந்தது. ஆங்கிலேய அரசு அவர்களுக்கு யாழ்ப்பாணத்தைக் காட்டியது. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேய, ஒல்லாந்தர் காலத்துக் கிறிஸ்தவக் கோயில்கள் கூரையிழந்து கிடந்தன. அவையே அவர்களின் முதல் நிலையங்கள். தெல்லிப்பழையில் டானியல் பூரும் எட்வர்ட் வாரனும் 1816இலேயே பள்ளி தொடங்கினார்கள்.

கல்வியற்ற நாட்டுக்குக் கல்வி கொண்டுவந்தார்கள் என்று இதை எழுதுவது பிழை. திண்ணைப் பள்ளிகள் இருந்தன. மணலில் எழுத்து, பிறகு ஏடு, நீதிநூல், நிகண்டு, எண்சுவடி என்று ஓர் ஒழுங்கும் இருந்தது. மிஷனும் தன் ஊர்ப்பள்ளிகளுக்குச் சைவ உபாத்திமாரையே சம்பளத்துக்கு வைத்தது, வேறு ஆள் கிடைக்காததால். பிள்ளைகள் காலையில் வேதவினாவிடையை ஒப்புவித்தார்கள், மாலையில் வீட்டுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டார்கள். வீட்டுக்குத் திரும்பாத பிள்ளை வேண்டும் என்று பாதிரிமார் நினைத்தது இதனால்தான். போர்டிங் பள்ளி என்ற எண்ணத்தின் வேர் இங்கே இருக்கிறது. குடும்பத்திலிருந்து பிள்ளையைப் பிரித்தால் பழக்கத்திலிருந்தும் பிரிக்கலாம் என்று அவர்கள் நம்பினார்கள். இன்று படிக்கும்போது இது மனத்தை உறுத்தவே செய்கிறது. அக்காலத்து மிஷன்கள் பலவும் உலகின் வேறு பகுதிகளிலும் இப்படித்தான் சிந்தித்தன.

ஆனால் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் பிள்ளையைச் சும்மா ஒப்படைத்துவிடவில்லை. முதல் சண்டை குசினியில் நடந்தது. வேதக்காரரின் வளவில் சமைத்ததை வெள்ளாளப் பிள்ளைகள் தொடமாட்டார்கள். ஆரம்ப ஆண்டுகளில் மிஷன் காணிக்கு வெளியே, அயலவர் நிலத்தில் சமையற்கொட்டில் போட்டு, சாதிக்கேற்ற சமையற்காரரை வைத்துத்தான் சோறு போட முடிந்தது. பாடத்திட்டத்தை மிஷன் தீர்மானித்தது, பந்தியைத் தீர்மானித்தது ஊர். பிள்ளைகள் மெல்ல மெல்ல வளவுக்குள்ளேயே சாப்பிடத் தொடங்கினார்கள் என்றாலும், இந்தப் பேரத்தின் தடம் நூறாண்டுக்கும் மேலாக அழியவில்லை. மிஷனின் கொள்கைக் கடிதங்களைவிட அந்தச் சமையற்கொட்டில் பேரமே அப்பள்ளிகளின் இயல்பை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது என்பேன்.

1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கான செமினரி தொடங்கியது. பூர் அதன் முதல் அதிபர். தமிழ், சமஸ்கிருதம், ஆங்கிலம் என்னும் மொழிகளோடு கணிதம், வானியல், தருக்கம் வரை அங்கே கற்பித்தார்கள். பூர் பஞ்சாங்கக்காரரோடு கிரகணக் கணிப்பில் மோதியதும், அந்த வாதம் ஊர்ப் பேச்சானதும் இக்காலத்தில்தான். அவருக்குப் பின் வந்த ஹென்றி ஹொய்சிங்டன் சைவசித்தாந்த நூல்களைக் கற்று, சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854இல் அமெரிக்கக் கீழைத்தேய ஆய்விதழில் வெளியிட்டார். மறுப்பதற்காகப் படிக்கத் தொடங்கியவர் அதை உலகுக்கு அறிமுகம் செய்தவராக ஆனார். இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் 1850இல் வெளியிட்ட தம் நூலில், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு இந்தச் செமினரியை ஒப்பிட்டுப் புகழ்ந்தார்.

விடுதி வாழ்வின் அடையாளம் பெயர்களில் படிந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரு சபையோ ஒரு குடும்பமோ ஒரு பிள்ளையின் செலவை ஏற்றால், தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு இடலாம். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, வைமன் கதிரவேற்பிள்ளை எல்லாரும் இப்படி வந்தவர்களே. தாம் காணாத யாரோ ஓர் அமெரிக்கரின் பெயரை முன்னே தாங்கிக்கொண்டு, தகப்பன் வைத்த பெயரை விடாமல் பின்னே வைத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் இப்படிச் செய்திருந்தால் தற்செயல் என்று விடலாம். ஒரு தலைமுறையே செய்திருப்பதால், வளவுக்குள் வாழ்ந்தவர்கள் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் இருப்பது என்று தாங்களே வகுத்துக்கொண்ட ஒரு வழியாகவே இதைக் கொள்ள வேண்டும்.

அவர்கள் செய்த வேலைகளைப் பார்த்தால் கூட்டுவாழ்வின் பயன் புரியும். 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ இதழை நடத்தியவர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்ற இரு செமினரி மாணவர்கள். பின்னாளில் அதன் ஆசிரியரான ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதினார். கறோல் விசுவநாதபிள்ளை தமிழில் வீசகணிதம் எழுதினார், நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தமிழில் தருக்க நூல் எழுதினார். மானிப்பாயில் மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது, அப்பணிக்கு உடனிருந்தவர்களும் இந்தக் கல்விச் சூழலில் வந்த உள்ளூர்க்காரரே. தனித்தனியே மேதைகள் பிறந்தார்கள் என்று சொல்லி இதை விளக்கிவிட முடியாது. ஒரே கூடத்தில் படித்து, ஒரே நூலகத்தைப் பகிர்ந்து, இரவு விளக்கடியில் ஒருவர் பாடத்தை மற்றவர் கேட்டு வளர்ந்தவர்களிடையேதான் கலைச்சொல்லும் அச்சு வேலையும் இதழும் இவ்வளவு விரைவாகக் கைமாற முடியும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் வட்டுக்கோட்டை வளவிலிருந்து வந்தவர்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒருவர் விசுவநாதபிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. முதலாமவர் இரண்டாமவருக்கு ஆசிரியருங்கூட. தாமோதரம்பிள்ளை சைவத்துக்குத் திரும்பி, வீரசோழியத்தையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றியது தமிழுலகம் அறிந்த கதை.

பெண்களின் பக்கம் இதே கதை வேறு வேகத்தில் நடந்தது. 1824இல் ஹரியற் வின்சிலோ அம்மையார் உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளி தொடங்கினார். ஆசியாவின் முதல் பெண்கள் விடுதிப் பள்ளி என்று அதைச் சொல்வதுண்டு. இப்படிப்பட்ட ‘முதல்’ பட்டங்களை நான் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்வேன்; தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1707இலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்திருந்தார். உடுவிலின் சிறப்பு அதன் தொடர்ச்சியில் இருக்கிறது. தொடக்கத்தில் பெண்ணை அனுப்ப யாரும் முன்வரவில்லை. படித்த பெண்ணை யார் கட்டுவான் என்பதே கேள்வி. மிஷன் அதற்கு ஊர்வழியிலேயே பதில் சொன்னது: படிப்பை முடித்துக் கிறிஸ்தவராக மணம் முடிக்கும் பெண்ணுக்குச் சீதனம் கொடுத்தது. சீர்திருத்தம் பேசியவர்கள் சீதனத்தை ஒழிக்காமல் தாங்களே சீதனம் கொடுப்போராக மாறினார்கள் என்பது வேடிக்கைதான், ஆனால் பள்ளி நிரம்பியது. சில பத்தாண்டுகளில் நிலைமை தலைகீழானது. செமினரியில் படித்த மாப்பிள்ளைக்கு எழுத்தறிந்த பெண் வேண்டியிருந்தது. உடுவில் படிப்பே சீதனத்தின் ஒரு பகுதியாக எண்ணப்பட்டது.

1840இல் வந்த எலைசா அக்னியூ 1879 வரை அந்தப் பள்ளியோடு வாழ்ந்தார். இடையில் ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குப் போகவில்லை. தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறையும் அவரிடம் படித்த வீடுகள் உண்டு. ஆயிரம் பிள்ளைகளின் தாய் என்று அவரைச் சொன்னார்கள். 1883இல் மானிப்பாயில் இறந்தார். வட்டுக்கோட்டையும் உடுவிலும் திருமண உறவால் இணைந்ததும் இக்காலத்தில்தான். இரண்டு வளவுகளும் சேர்ந்து யாழ்ப்பாணத்தில் ஒரு புதிய வகுப்பையே உண்டாக்கின. ஊர்ப் பெயரைவிடப் பள்ளிப் பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் வகுப்பு அது.

இவ்வளவு நன்றாக நடந்த செமினரியை ஏன் மூடினார்கள்? 1837இல் அமெரிக்காவில் ஏற்பட்ட நிதி நெருக்கடியால் ஊர்ப்பள்ளிகள் பல மூடப்பட்டதும், பின்னர் கட்டணம் செலுத்தும் சைவ மாணவர் செமினரிக்கு வந்ததும் பின்னணி. 1855இல் மிஷனை அனுப்பிய பாஸ்டன் சபையிலிருந்து நேரில் வந்த செயலாளர் றூபஸ் அண்டர்சனுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மாணவர்கள் வளவை நேசித்தார்கள், ஆங்கிலத்தை நேசித்தார்கள், கந்தோர் உத்தியோகத்தை நாடினார்கள். ஆனால் ஞானஸ்நானத்துக்கு அவர்களுள் பலர் வரவில்லை. ஊர்த் தமிழில் ஊர்ச் சபைக்குப் போதகரை உருவாக்குவதே மிஷனின் வேலை என்று கருதிய அவர், அக்கொள்கைப்படியே செமினரியை மூடவைத்தார். உடுவிலிலும் மாணவியர் தொகை குறைக்கப்பட்டு ஆங்கிலம் நிறுத்தப்பட்டது. அண்டர்சன் கொண்ட நோக்கத்தை வைத்துப் பார்த்தால் அவர் முடிவு முரணற்றது. யாழ்ப்பாணத்தை வைத்துப் பார்த்தால் அது பெரும் பிழை.

அது பிழை என்று சொன்னவர்கள் மாணவர்களே. செமினரியில் படித்த ஒருவர் சில காலத்துக்குள் வட்டுக்கோட்டையில் சொந்தமாக உயர்பள்ளி நடத்தத் தொடங்கினார். பழைய மாணவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், பணமும் திரட்டினார்கள். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. பாஸ்டன் சபையின் நேரடிப் பிடிக்கு வெளியே, உள்ளூர்க் கிறிஸ்தவரும் பங்கேற்ற நிர்வாகத்தோடு அது அமைந்தது. மிஷன் பள்ளி என்ற நிலையிலிருந்து கிறிஸ்தவத் தனியார் பள்ளி என்ற நிலைக்கு மாறியது இந்த இடத்தில்தான். முன்னதை நடத்தியது வெளியிலிருந்து வந்த நோக்கம். பின்னதை நடத்தியது, அந்த வாழ்வு தம் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்ற உள்ளூர் விருப்பம்.

அந்த வாழ்வின் வடிவத்தைச் சைவர்கள் எடுத்துக்கொண்டது இதன் மறுபக்கம். நல்லூர் ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே கற்பித்து, பீற்றர் பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது வகுப்புப் பிரிவு, பாலபாடம், அச்சகம், வினாவிடை எல்லாவற்றையும் மிஷனிடமிருந்தே கற்றுக் கொண்டுவந்தார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை முதுமையில் யாழ்ப்பாண நகரில் தொடங்கிய உயர்பள்ளி 1890இல் சைவ பரிபாலன சபையின் கைக்கு வந்து, பிறகு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி ஆனது. செமினரியின் பழைய ஆசிரியர் ஒருவரே இந்துக் கல்லூரிக்கு வித்திட்டார் என்பதை இரு தரப்பும் அதிகம் பேசுவதில்லை. 1913இல் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்களுக்கு விடுதியோடு கல்லூரி நிறுவியபோது, உடுவிலுக்கு அருகே மருதனார்மடத்தைத் தேர்ந்தார். அதன் முதல் அதிபர் புளோரன்ஸ் பார் என்ற ஆங்கிலப் பெண்மணி.

பயன்களைச் சொல்லும்போது யாருக்குப் பயன் என்றும் சொல்ல வேண்டும். விடுதியில் கிடைத்த வாழ்வு நெடுங்காலம் பெரும்பாலும் வெள்ளாளருக்கும் அவரை அடுத்த சாதியினருக்கும் உரியதாகவே இருந்தது. முதல் ஆண்டுகளில் குசினியில் விட்டுக்கொடுத்ததை மிஷன் எளிதில் மீட்க முடியவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் சேர்ந்த இடங்களிலும் தரையில் இருத்தப்பட்டார்கள். 1920களின் இறுதியில் மானியம் பெறும் பள்ளிகளில் சம ஆசனம் வேண்டும் என்று அரசு வலியுறுத்தியபோது, யாழ்ப்பாணத்தில் பள்ளிக் கொட்டகைகள் எரிக்கப்பட்டன. சம ஆசனத்தையும் சமபோசனத்தையும் ஆதரித்துக் குரல்கொடுத்தவர்களுள் முன்னின்றவர்களும் இதே வளவுகளிலிருந்து வந்தவர்கள்தான். 1924இல் தோன்றி, பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர்பெற்ற மாணவர் இயக்கத்தின் தலைமகன் ஹண்டி பேரின்பநாயகம், யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்து அங்கேயே ஆசிரியராக இருந்தவர். 1927இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தது அவர்கள் அழைப்பில். விடுதி தானாகச் சாதியை உடைத்தது என்று இதற்குப் பொருளில்லை. ஒன்றாக வாழ்ந்து பழகிய இளைஞர்களுள் சிலருக்கு, அந்த வாழ்விலிருந்து யார் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தது, அவ்வளவே. நூறாண்டு தாமதமாகத் தெரிந்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

1960இல் இலங்கை அரசு உதவிபெறும் பள்ளிகளைப் பொறுப்பேற்றபோது பெரும்பாலானவை அரசிடம் போயின. யாழ்ப்பாணக் கல்லூரியும் உடுவில் மகளிர் கல்லூரியும் தனியாகவே நிற்க முடிவு செய்தன. அரச மானியமும் இல்லை, மாணவரிடம் கட்டணம் வாங்கவும் வழியில்லை. முதல் தலைமுறை மாணவரின் சோற்றுச் செலவை அமெரிக்கச் சபைகள் ஏற்றன. இப்போது பழைய மாணவரும் கொடையாளரும் நிதியங்களும் அந்த இடத்துக்கு வந்தார்கள். இரண்டு கல்லூரிகளும் இன்றும் நடக்கின்றன. பழைய மாணவர் சங்கங்கள் நினைவுமலர் வெளியிடும்போதெல்லாம் அதிபர் வரிசையையும் படங்களையும் தவறாமல் போடுகிறார்கள். அடுத்த மலரை அச்சுக்குக் கொடுக்குமுன், விடுதிக் கணக்குப் புத்தகங்களையும் குசினியில் வேலை செய்தவர்களின் பெயர்களையும், சேர்க்கப்படாமல் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய கடிதங்களையும் தேடி எடுத்துத் தாருங்கள். ஆய்வாளருக்கு அதிகம் வேண்டியவை அவைதான்.